டிங்கியைத் தடுக்கக் கொசுவையே விடுவது ஏன்? வொல்பாக்கியா திட்டத்தின் உயிரியல்

மலேசியாவில் பூச்சாடித் தட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் வரை அபராதச் சீட்டு வரும். அந்தச் சட்டத்தை அமலாக்கும் அதே சுகாதார அமைச்சு, டிங்கி ஓயாத குடியிருப்புகளுக்கு, வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களைக் கொண்டுவந்து திறந்து விடுகிறது. கோலாலம்பூரிலும் அதை ஒட்டிய சிலாங்கூர் வட்டாரங்களிலும் 2017 முதல் நடந்துவரும் வேலை இது. செய்தி வெளியாகும் ஒவ்வொரு தடவையும் வாட்சாப் குழுக்களில் மூன்று கேள்விகள் சுற்றுகின்றன. கொசுவை ஒழிக்கச் சொல்பவர்களே கொசுவை விடலாமா? கொசுவுக்குள் செலுத்திய கிருமி நம் உடம்புக்குள் வந்துவிடாதா? இது மரபணு மாற்றிய கொசுவா?

நியாயமான கேள்விகள்தாம். பதில்களுக்குப் பெரிய ஆராய்ச்சி அறிவு தேவையில்லை. உயிரணு என்றால் என்ன, வைரஸ் ஏன் உயிரணு ஆகாது, தாயின் முட்டை வழியாகப் பிள்ளைக்கு எதெல்லாம் போகிறது, ஒரு பண்பு கூட்டத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்ற நான்கு அடிப்படைகள் தெளிவானால் போதும்.

கொசு, பாக்டீரியா, வைரஸ்: மூன்றும் மூன்று

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. செய்தியில் மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. படிப்பவர் மூன்றையும் "கிருமி" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்.

1. ஏடிஸ் ஈஜிப்டி ஒரு பூச்சி, அதாவது விலங்கு. அதன் உடல் பல இலட்சம் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் உட்கரு உண்டு. உட்கருவுக்குள் 3 இணைக் குரோமோசோம்கள். நமக்கு 23 இணை.

2. வொல்பாக்கியா ஒரு பாக்டீரியா. ஒரே உயிரணுதான் அதன் முழு உடல். உட்கரு கிடையாது, ஆனால் தனக்கென டி.என்.ஏ., தனக்கென புரதம் தயாரிக்கும் அமைப்பு, இரண்டாகப் பிரிந்து பெருகும் திறன் எல்லாம் உண்டு. அளவு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். பெரும்பாலான பாக்டீரியாக்கள் மண்ணிலும் நீரிலும் தனியாக வாழும். வொல்பாக்கியாவால் அது முடியாது. பூச்சி போன்ற வேறோர் உயிரின் உயிரணுவுக்குள் மட்டுமே அதற்கு வாழ்வு.

3. டிங்கி ஒரு வைரஸ். அது உயிரணுவே ஆகாது. சுமார் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள புரத உறை. அதற்குள் ஏறக்குறைய 11,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. உணவு உண்ணாது, வளராது, தானாகப் பிரியாது. மனிதனின் அல்லது கொசுவின் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள கருவிகளையும் கொழுப்பையும் பயன்படுத்தித் தன் படிகளைச் செய்துகொள்ளும். இதில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்கு அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றும் அவரைத் தாக்கலாம். இரண்டாம் முறை வரும் டிங்கி கடுமையாவதற்கான வாய்ப்பு அதிகம்.

திட்டத்தை ஒரே வரியில் சொல்வதானால்: இரண்டாவதைக் கொண்டு முதலாவதுக்குள் மூன்றாவது பெருகவிடாமல் தடுப்பது. கொசு சாக வேண்டிய அவசியம் இதில் இல்லை. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக ஒழுங்காகும்.

ஏடிஸ் எப்படி வாழ்கிறது

பெண் கொசு மட்டுமே கடிக்கும். முட்டை உருவாக இரத்தத்தின் புரதம் அதற்கு வேண்டும். ஆண் கொசு பூந்தேனும் செடிச்சாறும் குடித்தே வாழும். அதன் வாயுறுப்பு தோலைத் துளைக்காது. ஆணை அடையாளம் காண்பது எளிது: உணர்கொம்புகள் இறகுபோல அடர்ந்திருக்கும்.

ஒரு முறை இரத்தம் குடித்த பெண் சுமார் 100 முட்டைகள் வரை இடும். நீரின் மேல் இடாது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான இடத்தில் ஒட்டவைக்கும். மழை பெய்து நீர் ஏறும்போது முட்டை நனைந்து பொரிக்கும். நம் வெப்பநிலையில் முட்டையிலிருந்து சிறகு முளைத்த கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். புழுப் பருவத்தில் நான்கு முறை தோலுரிப்பு, பிறகு ஏறத்தாழ 2 நாள் கூட்டுப்புழு.

இதில் பலரும் கவனிக்காத ஆபத்து முட்டைதான். காய்ந்துபோன முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாளியின் நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்கு வாரம் கழித்து மறுபடி நீர் பிடித்தால், பழைய முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாமி மேடையில் வைக்கும் செம்பு, மாலை போட்டு வைக்கும் நீர்த்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பினாங்குப் பழைய கடைவீடுகளின் முற்றத்தில் கிடக்கும் ஜாடிகள் எல்லாவற்றுக்கும் இதே விதி.

புகையடிப்பு ஏன் அடிக்கடி தோற்கிறது என்பதும் இந்த வாழ்க்கைச் சுற்றிலிருந்தே விளங்கும். புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் அது தெரியாது. ஒரு வாரத்தில் அடுத்த கூட்டம் வெளியே வந்துவிடும். போதாததற்கு, நம் நகரங்களின் ஏடிஸ் கொசுக்களில் பைரித்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத்திறன் பெருகியிருக்கிறது.

பினாங்கில் டிங்கி பரவியது மருத்துவப் பதிவில் ஏறி நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1901-1902இல் அங்கு கொள்ளைநோயாகவே பரவியது. இரத்தக்கசிவுடன் வரும் கடுமையான வடிவமும் 1962இல் அங்கேதான் முதலில் பதிவானது. அத்தனை ஆண்டுகளாகத் தேய்த்தும் கழுவியும் புகையடித்தும் வந்த நாட்டில் 2019இல் 130,101 பேருக்கு டிங்கி வந்தது, 182 பேர் இறந்தார்கள். 2023இல் 123,133 பேருக்கு வந்தது, 100 பேர் இறந்தார்கள். பழைய வழிமுறைகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. அவற்றால் மட்டும் முடியவில்லை என்பது தெளிவு.

கொசுவுக்குள் வைரஸ் செய்யும் பயணம்

கொசு பிறக்கும்போது பொதுவாக டிங்கி வைரஸ் அதனிடம் இருப்பதில்லை. டிங்கி வந்த ஒருவரைக் கடித்த பிறகே அதனிடம் வருகிறது. அதன் பிறகும் உடனே பரப்ப முடியாது. பயணம் இப்படி:

1. இரத்தத்தோடு வைரஸ் கொசுவின் நடுக்குடலுக்குப் போகிறது. குடற்சுவர் உயிரணுக்களுக்குள் நுழைந்து பெருகுகிறது.

2. அங்கிருந்து உடற்குழியின் திரவத்தில் கலந்து மற்ற உறுப்புகளுக்குப் பரவுகிறது.

3. உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன்பின் ஒவ்வொரு கடியிலும் உமிழ்நீரோடு வைரஸ் நம் தோலுக்குள் இறங்கும்.

இதற்கு 8 முதல் 12 நாள் ஆகும். பெண் கொசுவின் ஆயுளோ பெரும்பாலும் 2 முதல் 4 வாரம். ஆகவே ஒரு கொசு உண்மையில் ஆபத்தாக இருப்பது வாழ்நாளின் கடைசிப் பகுதியில்தான். முதல் இரண்டு படிகளிலேயே வைரஸ் பெருகுவதைக் குறைத்துவிட்டால், உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரும் வைரஸின் அளவு மிகச் சிறிதாகும், அல்லது இல்லாமலே போகும். வொல்பாக்கியா வேலை செய்வது இந்த இடத்தில். கொழுப்பு, கொலஸ்டரால் போன்ற பொருள்கள் வைரஸ் படியெடுக்கத் தேவை; அதே உயிரணுவுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாவும் அவற்றை எடுத்துக்கொள்கிறது. கொசுவின் எதிர்ப்பாற்றலையும் அது தூண்டி வைக்கிறது.

வொல்பாக்கியா எங்கிருந்து வந்தது

ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட புதிய உயிர் என்று பலர் நினைக்கிறார்கள். 1924இல் மார்ஷல் ஹெர்டிக், பர்ட் வோல்பாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண வீட்டுக் கொசுவான கியூலெக்ஸின் இனப்பெருக்க உறுப்புகளில் இதைக் கண்டார்கள். 1936இல் அதற்கு முறையான பெயர் வைக்கப்பட்டது. பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இது இயற்கையாகவே இருக்கிறது: பழ ஈ, பல வண்ணத்துப்பூச்சிகள், கறையான்களில் சில. நம் தோட்டங்களில் பகலில் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவிலும் இரவில் காதருகே ரீங்கரிக்கும் கியூலெக்ஸ் கொசுவிலும் எப்போதிருந்தோ இருந்து வருகிறது.

டிங்கியை அதிகம் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டியில்தான் இயற்கையாக இல்லை. அதனால் ஒரு முறை அதைக் கையால் நுழைக்க வேண்டியிருந்தது. அல்போபிக்டஸில் இருந்து பாக்டீரியாவை எடுத்து, இட்டுச் சிறிது நேரமே ஆன ஈஜிப்டி முட்டையின் பின்முனைக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள். பின்முனைதான் ஏன்? வருங்கால இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாவது அங்கேதான். அவற்றுக்குள் பாக்டீரியா புகுந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் தானாகப் போகும். பெரும்பாலான முட்டைகள் இந்த ஊசியில் அழிந்துவிடும். தப்பிய சில பெண்களின் சந்ததியைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும். அல்போபிக்டஸின் வகையொன்றை ஈஜிப்டியில் நிலைநாட்டிய வெற்றி 2005இல் அறிவிக்கப்பட்டது. பழ ஈயிலிருந்து எடுத்த வேறொரு வகையைத் தாங்கிய கொசுக்கள் 2011இல் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரில் திறந்தவெளியில் விடப்பட்டன.

கொசுவின் டி.என்.ஏ. எங்கும் வெட்டப்படவில்லை, ஒட்டப்படவில்லை. ஆகவே மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில்: இது மரபணு மாற்றிய கொசு அல்ல. குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2010 டிசம்பரில் பகாங்கின் பெந்தோங் அருகே மரபணு மாற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்கள் சோதனைக்காக விடப்பட்டன. அந்தக் கொசுக்களின் குரோமோசோமிலேயே, பிள்ளைகளைப் புழுப் பருவத்தில் கொல்லும் ஒரு மரபணு சேர்க்கப்பட்டிருந்தது. அது தனி முயற்சி, தனித் தொழில்நுட்பம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

தாய்வழி மட்டும்: நான்கு சேர்க்கைகள்

முட்டை பெரியது, உட்கருவோடு நிறைய உயிரணுத் திரவமும் அதில் இருக்கும். விந்தணு மிகச் சிறியது; தன் குரோமோசோம்களை முட்டைக்குள் சேர்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. உட்கருவுக்கு வெளியே இருப்பவை தாயிடமிருந்தே பிள்ளைக்குப் போகின்றன. நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு தாய்வழி வருவதும் இதனால்தான். உயிரணுத் திரவத்தில் வாழும் வொல்பாக்கியாவும் அதே பாதையில் செல்கிறது.

இதோடு ஒரு விசித்திரமும் சேர்கிறது. நான்கு சேர்க்கைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்:

1. வொல்பாக்கியா இல்லாத ஆண், இல்லாத பெண்: முட்டைகள் பொரிக்கும். பிள்ளைகளிடம் பாக்டீரியா இல்லை.

2. வொல்பாக்கியா உள்ள ஆண், உள்ள பெண்: பொரிக்கும். பிள்ளைகள் எல்லாரிடமும் பாக்டீரியா உண்டு.

3. இல்லாத ஆண், உள்ள பெண்: பொரிக்கும். பிள்ளைகள் எல்லாரிடமும் உண்டு.

4. உள்ள ஆண், இல்லாத பெண்: முட்டை இடும், பொரிக்காது.

நான்காவதுதான் திறவுகோல். பாக்டீரியா உள்ள ஆணின் விந்தணு உருவாகும்போதே அதில் ஒரு மாற்றம் செய்யப்படுகிறது. கருவுற்ற பின் முதல் உயிரணுப் பிரிவில் தந்தையின் குரோமோசோம்கள் நேரத்துக்குத் திரளாமல் பின்தங்கும். கரு அங்கேயே அழியும். முட்டையில் அதே வகை வொல்பாக்கியா இருந்தால் அந்த மாற்றம் சரிசெய்யப்பட்டு, கரு வளரும். இதற்குப் பொறுப்பான மரபணுக்கள் பாக்டீரியாவுக்குள் இருப்பது 2017இல் அடையாளம் காணப்பட்டது.

பெண் ஏடிஸ் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் இணையும். அந்த ஒரு இணைப்பு நான்காவது வகையாகிவிட்டால் அதன் எல்லா முட்டைகளும் வீண். இதனால் வொல்பாக்கியா இல்லாத பெண்களுக்கு இழப்பு, உள்ள பெண்களுக்கு அந்த இழப்பு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"கொஞ்சம் விட்டால் தானாகப் பரவிவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஒரு குடியிருப்பில் 100 பெண், 100 ஆண் கொசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெண்ணும் 100 முட்டை இடுகிறது. வொல்பாக்கியாவைச் சுமப்பதால் பெண்ணுக்குக் கொஞ்சம் நட்டம் உண்டு. விளக்கத்துக்காக 100க்குப் பதில் 80 முட்டை என்று கொள்வோம்.

30 பெண்ணிடமும் 30 ஆணிடமும் வொல்பாக்கியா இருந்தால்:

1. இல்லாத பெண்கள் 70. அவர்களில் 30 விழுக்காட்டினர், அதாவது 21 பேர், வொல்பாக்கியா ஆணோடு இணைவார்கள், முட்டை வீண். மீதி 49 பேரின் 4,900 முட்டைகள் பொரிக்கும்.

2. உள்ள பெண்கள் 30. யாரோடு இணைந்தாலும் முட்டை பொரிக்கும்: 2,400.

3. அடுத்த தலைமுறை 7,300. அதில் 2,400, அதாவது 33 விழுக்காடு. ஏறுமுகம்.

10 விழுக்காட்டில் தொடங்கினால்? இல்லாத 90 பெண்களில் 9 பேரின் முட்டைதான் வீணாகும், 8,100 பொரிக்கும். உள்ள 10 பெண்களின் முட்டை 800. அடுத்த தலைமுறையில் பங்கு 9 விழுக்காடு, அதற்கடுத்து 8. இறங்கிக்கொண்டே போய் மறைந்துவிடும். 20 விழுக்காட்டில் தொடங்கினால் 20இலேயே நிற்கும். ஏறுமுகமா இறங்குமுகமா என்பதை முடிவு செய்யும் வாசற்படி இந்த எடுத்துக்காட்டில் அதுதான். 50இல் தொடங்கினால் 62, 77, 92, 99 என்று நான்கே தலைமுறையில் கிட்டத்தட்ட முழுமையாகும்.

செய்தியில் வரும் பல விவரங்களுக்கு விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது. வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஏன் விடுகிறார்கள்? வாசற்படியைத் தாண்ட. ஒரு தெருவில் மட்டும் ஏன் விடுவதில்லை? சுற்றிலுமிருந்து வொல்பாக்கியா இல்லாத கொசுக்கள் பறந்து வந்து பங்கைக் கீழே இழுத்துவிடும். கடிக்கும் பெண்ணையும் ஏன் விடுகிறார்கள்? பாக்டீரியா பெண் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆணை மட்டும் விட்டால் அது நிலைக்காது.

சிங்கப்பூர் செய்வது வேறு

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் அதே பெயரில் வேறு திட்டம். சிங்கப்பூர் 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விட்டுவருகிறது. நான்காவது சேர்க்கையை மட்டும் பயன்படுத்தி, முட்டைகளைப் பொரிக்கவிடாமல் கொசுக் கூட்டத்தையே சுருக்குவது நோக்கம். அங்கு கொசு குறைய வேண்டும். விடுவதை நிறுத்தினால் கூட்டம் மெல்ல மீண்டும் பெருகும். ஆணையும் பெண்ணையும் துல்லியமாகப் பிரிக்கும் தொழில்நுட்பமும் தொடர்ச்சியான உற்பத்தியும் வேண்டும்.

மலேசியாவில் இரு பாலும் விடப்படுகின்றன. கொசுக் கூட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கும், உள்ளே இருப்பவை மாறும். நிலைத்துவிட்டால் விடுவதை நிறுத்தலாம். விடும் வாரங்களில் கடி கூடும். அதை முன்கூட்டியே குடியிருப்பாளர்களிடம் சொல்லிவிடுவதே நேர்மை. சிங்கப்பூரிலிருந்து வரும் "எங்கள் ஆண் கொசு கடிக்காது" என்ற துண்டுப்பிரசுரத்தை இங்கே அனுப்பி ஆறுதல் சொல்பவர்கள், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், தவறான தகவலைப் பரப்புகிறார்கள்.

கோலாலம்பூர் வெயிலும் வகைத் தேர்வும்

வொல்பாக்கியாவில் பல வகைகள். கேர்ன்ஸில் விட்டது பழ ஈயின் வகை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் அதே வகைதான். அங்கு நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் நடத்திய சோதனையில் டிங்கி நோயாளிகள் 77 விழுக்காடு குறைந்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. இந்த முறை வேலை செய்கிறது என்பதற்கு இதுவரை கிடைத்தவற்றில் மிக வலுவான சான்று அதுதான் என்பேன்.

ஆனால் அந்த வகைக்கு ஒரு பலவீனம். கொசுப்புழு வளரும் நீர் பகலில் 37 டிகிரி வரை சூடேறினால், பாக்டீரியாவின் எண்ணிக்கை உடலுக்குள் சரிந்துவிடும். பிள்ளைகளுக்குப் போவதும் தடுமாறும். கோலாலம்பூரில் மொட்டை மாடி வாளி நண்பகலில் அந்தச் சூட்டை எட்டுவது அரிதல்ல. ஆகவே 1900இல் தொடங்கப்பட்ட மலேசிய மருத்துவ ஆய்வுக் கழகம், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அல்போபிக்டஸிலிருந்து வந்த, வெப்பத்தைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்தது. பிறகு ஆய்வுக்கூடக் கொசுவை உள்ளூர்க் கொசுவோடு பல தலைமுறை இனக்கலப்புச் செய்தார்கள். இது மிக முக்கியமான படி. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கொசுவுக்குப் பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன் இருக்காது; அப்படியே வெளியே விட்டால், முதல் புகையடிப்பிலேயே விட்டவை செத்து, ஊர்க் கொசு மிஞ்சும்.

ஷா ஆலாம் செக்‌ஷன் 7, பெட்டாலிங் ஜெயாவின் மெந்தாரி கோர்ட், கெராமட் ஏயூ2 போன்ற, டிங்கி நீங்காத ஆறு இடங்களில் முதல் கட்டம் நடந்தது. 2019இல் வெளியான முடிவின்படி டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. பின்னர் 20 இடங்களை, விடப்படாத ஒத்த இடங்களோடு ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வு சராசரியாகச் சுமார் 62 விழுக்காடு குறைவைக் காட்டியது. வொல்பாக்கியா பங்கு உயர்ந்த இடங்களில் குறைவும் கூடுதல்.

யோக்யகர்த்தாவின் 77க்கும் நம் 40க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து "நம்முடையது தோல்வி" என்று எழுதுவது அவசர முடிவு. சிறிய, ஒன்றோடொன்று தொடர்பற்ற இடங்களில் விட்டால், அங்கு வசிப்பவர் வேலைக்கும் பள்ளிக்கும் வேறு பகுதிக்குப் போய் அங்கே கடிபட்டு வருவார். அவர் முகவரியில்தான் நோய் பதிவாகும். சுற்றிலுமிருந்து கொசுவும் வரும்.

எங்கே தவறலாம்

எல்லா இடத்திலும் பங்கு உயர்ந்து அப்படியே நிற்கவில்லை. சில இடங்களில் ஏறி இறங்கியது. மறுபடி விட வேண்டியிருந்தது. காரணங்களில் முதன்மையானது, மேலே சொன்னபடி சுற்றிலுமிருந்து வொல்பாக்கியா இல்லாத கொசுக்கள் வந்து கலப்பது. ஏடிஸ் வழக்கமாக நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் பறக்காது என்றாலும், நெருக்கமான தாமான்களில் அதுவே போதும். பங்கு வாசற்படிக்கு அருகே இருக்கும்போது இந்தக் கலப்பு மிக மோசமாக அடிக்கும். 90ஐத் தாண்டிய பிறகு அவ்வளவாகப் பாதிக்காது.

இன்னொரு பலவீனம் முட்டையில். இந்த வகை வொல்பாக்கியா தாங்கிய முட்டைகள், பல வாரம் காய்ந்து கிடந்தால் பொரிக்கும் திறனை இழக்கின்றன. தப்பிப் பிறக்கும் பெண்களில் பலருக்கு முட்டையிடும் ஆற்றலே இருப்பதில்லை. ஊர்க் கொசுவின் முட்டை அதே வறட்சியைத் தாங்கும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது பெரிய சிக்கலாகாது. நீண்ட வறண்ட பருவமுள்ள ஊர்களில் கணக்கு மாறும்.

விட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கண்காணிக்க, கறுப்பு நிறக் குவளையில் நீரும் ஒரு மரச்சில்லும் வைத்து முட்டைகளைப் பிடிக்கிறார்கள். முட்டையைப் பொரிக்கவைத்து, இனம் பிரித்து, பி.சி.ஆர். சோதனையில் வொல்பாக்கியாவின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். படிக்கட்டில் அந்தக் குவளையைப் பார்த்தால் கவிழ்த்துவிடாதீர்கள். நீர் தேங்கிய குப்பை என்று நல்ல மனத்தோடு ஊற்றிவிடுபவர்களால் தரவு தொலைகிறது.

"அந்தப் பாக்டீரியா நமக்கு வராதா?"

வராது. காரணங்கள் உயிரியலிலேயே இருக்கின்றன. வொல்பாக்கியா உயிரணுவுக்குள் வாழ்வது. கொசு நமக்குள் செலுத்துவது உமிழ்நீரை மட்டும், தன் உயிரணுக்களை அல்ல. முதுகெலும்புள்ள விலங்குகளின் உயிரணுக்களில் வொல்பாக்கியா குடியேறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கியூலெக்ஸும் அல்போபிக்டஸும் தலைமுறை தலைமுறையாக நம்மைக் கடித்து வருகின்றன. இரண்டிலும் வொல்பாக்கியா உண்டு. அதாவது இந்த "புதிய" பாக்டீரியா தாங்கிய கொசு, நம் பாட்டன் பூட்டனையும் கடித்திருக்கிறது.

மாறாக ஒரு பயனுள்ள தகவல்: யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களின் உடலுக்குள்ளும் வொல்பாக்கியா வாழ்கிறது. அந்தப் புழு உயிர்வாழ இந்தப் பாக்டீரியா தேவை என்பதால், டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தால் புழுவை மலடாக்க முடிகிறது.

வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு இந்தத் தடையைத் தாண்டலாமா என்ற கேள்வி மட்டும் உண்மையில் கனமானது. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் வேகமாக மாறக்கூடியவை. அதனால்தான் விட்ட இடங்களில் நோயாளிகளின் எண்ணிக்கையையும் வைரஸ் வகையையும் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டியிருக்கிறது.

உங்கள் குடியிருப்பில் விட்டால்

1. கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவை நிறுத்தாதீர்கள். தேங்கிய நீரை அகற்றும்போது இரண்டு வகைக் கொசுவும் ஒரே விகிதத்தில் குறையும். வொல்பாக்கியாவின் பங்கு மாறாது. அல்போபிக்டஸும் டிங்கி பரப்பும் என்பதை மறக்க வேண்டாம்.

2. வாரம் ஒரு முறை, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுவின் வளர்ச்சி 7 நாளில் முடியலாம் என்பதால்தான் வாரக் கணக்கு.

3. காலி செய்ய முடியாத தொட்டிக்கு கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு விழுக்காட்டு அபேட் மணல் குருணை: 10 லிட்டர் நீருக்கு 1 கிராம். கூடப் போட்டால் கூடப் பலன் என்று நினைக்க வேண்டாம்.

4. வீட்டுக்குள் கடிக்க வரும் கொசுவை அடிக்கலாம். சில கொசு செத்தால் திட்டம் கெட்டுவிடாது.

5. கடி கூடியதா குறைந்ததா என்பதை வைத்துத் திட்டத்தை எடை போடாதீர்கள். குடியிருப்புக் கூட்டத்தில் அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை இரண்டு: பிடித்த கொசுக்களில் வொல்பாக்கியா உள்ளவை எத்தனை விழுக்காடு? விடுவதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இங்கே டிங்கி நோயாளிகள் எத்தனை பேர்?

6. காய்ச்சல் வந்தால், "எங்கள் இடத்தில் நல்ல கொசு விட்டிருக்கிறார்கள்" என்று காத்திருக்காதீர்கள். கடித்த 4 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்கும். முதல் ஐந்து நாளுக்குள் கிளினிக்கில், டிங்கி வைரஸின் புரதத்தைக் கண்டறியும் என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும் வேளையில் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் இரத்தம், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.